இற்றைப்படுத்தலும் இற்றுப்போதலும்

'அப்டேட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'இற்றைப்படுத்தல்' என்று தமிழில் பெயர் சூட்டியவர் யாராயினும் சொல்லறிவு மிக்கவர் என்பதில் ஐயமில்லை. 'இற்றை' என்றால் இன்று. இன்றைய நாளுக்கு ஏற்றதாகச் செய்தல் என்ற பொருள் அச்சொல்லில் செவ்வையாக அமைந்துவிட்டது. ஆனால் அதன் பக்கத்திலேயே 'இறு' என்னும் வினையடியாகப் பிறந்த 'இற்று' என்ற சொல்லும் இருக்கிறது. ஒடிந்து, நைந்து, முறிந்து என்பது அதன் பொருள். கிணற்றுக் கயிறு இற்றுப்போயிற்று என்கிறோம்; பழைய வீட்டின் உத்தரம் இற்று விழுந்தது என்கிறோம். பொருள் வேறாயினும் ஒலி ஒன்று. கைக்கணினி வைத்திருப்போர் சிலருக்கு இவ்விரு சொற்களும் ஒரே இரவில் ஒன்றாகிவிடுகின்றன. படுக்கும்போது நன்றாக இருந்த கருவி, விடியற்காலையில் 'இற்றைப்படுத்தப்பட்டது' என்ற அறிவிப்போடு இற்றுப்போய்க் கிடக்கிறது.

கடைத்தெருவில் 'டேப்' என்று வழங்கும் இக்கைக்கணினி நம் வீடுகளுக்குள் வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. முன்பு நாம் வாங்கிய வீட்டுப் பொருள்களுக்கு இல்லாத ஓர் இயல்பு இதற்கு உண்டு. அம்மி தேய்ந்தால் அதைக் கொத்த நாம்தான் ஆளை அழைக்கவேண்டும். மிதிவண்டியை விற்றவர் நள்ளிரவில் வந்து சக்கரத்தை மாற்றிவிட்டுப் போவதில்லை. கைக்கணினியை விற்ற நிறுவனமோ, விலையை முழுவதும் பெற்றுக்கொண்ட பின்னரும், உள்ளே புகுந்து அதன் உயிர்நாடியான மென்பொருளை மாற்றும் ஆற்றலைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. அம்மாற்றம் பெரும்பாலும் நன்மையே செய்கிறது. சில வேளைகளில் கருவி கெட்டுவிடுகிறது. அப்போது பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. முறையிட்டால் விடை சொல்வாரும் இல்லை. விற்ற பொருளின்மேல் பிடியை விடாதவர், அப்பிடியால் அப்பொருள் கெடும்போது பொறுப்பையும் விடக்கூடாது. பழைய நிலைக்குத் திரும்பும் வழியைத் தருவது அப்பொறுப்பின் முதற்கூறு. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தமிழ் படிப்போருக்கு இது மிக நெருங்கிய செய்தி. 1998-ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் முதல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வரை, பல்லாயிரம் தமிழ் நூல்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. பழம்பதிப்புகள் பலவும் ஏடு ஏடாக ஸ்கேன் செய்யப்பட்ட படங்களாகவே உள்ளன. அவற்றின் பொடி எழுத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் வாசித்தால் கண் நோகும். மேசைக்கணினியின் முன்னே அமர்ந்து வாசித்தால் முதுகு நோகும். சுவடியைப் போல மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கக் கைக்கணினியே ஏற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு, டிஸ்கி என்றும் டாப் என்றும் டாம் என்றும் குறியீடுகள் பலவாக இருந்த காலம் நினைவிருக்கும். எழுத்துரு மாறினால் பக்கம் முழுவதும் புரியாத கிறுக்கலாகிவிடும். ஒருங்குறி வந்து அத்துன்பத்தைத் தீர்த்தது. நூல் கையிலிருந்தும் படிக்க முடியாத நிலை இப்போது வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் இதன் கடுமை சற்றுக் கூடுதலாகவே தெரியும். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகள் பல. விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ வாங்கித் தந்த கைக்கணினி கூடத்து மேசையில் இருக்கும். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். திவ்வியப் பிரபந்தத்தைப் பெரிய எழுத்தில் சேவிப்பதும் அதில்தான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எண்பதை நெருங்கும் அகவை. ஈட்டு வியாக்கியானத்தின் பழைய பதிப்பொன்றைக் கைக்கணினியில் வைத்துக்கொண்டு நாள்தோறும் சில பக்கங்கள் வாசித்து, விளிம்பில் மின்பேனாவால் குறிப்பும் எழுதிவந்தார். நம்பிள்ளை இதே திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குச் சொன்ன உரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தி வைத்தார். ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாகியும் அது படிக்கக் கிடைக்கிறது. பெரியவரின் கைக்கணினிக்கு வயது இரண்டு ஆண்டும் நான்கு மாதமும்.

ஓரிரவு அது தானாகவே இற்றைப்படுத்திக்கொண்டது. மறுநாள் முதல் நூலைத் திறந்தால் நெடுநேரம் திரை வெளுத்து நின்றது. பத்துப் பக்கம் புரட்டினால் செயலி மூடிக்கொண்டது. திரையின் அடிப்பகுதி விரலுக்கு மசியவில்லை. காலையில் முழுதாக ஏற்றிய மின்கலம் நண்பகலில் தீர்ந்தது. நிறுவனத்தின் உதவி எண்ணை மூன்று முறை அழைத்தோம். மூன்று முறையும் வேறு வேறு குரல். முந்தைய அழைப்பின் புகார் எண்ணைச் சொன்னாலும் கதையை முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆங்கிலமா இந்தியா என்று கேட்டார்கள். தமிழ் அப்பட்டியலில் இல்லை. அணைத்து ஏற்றுங்கள் என்றார் ஒருவர்; தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள் என்றார் இன்னொருவர்; 'பேக்டரி ரீசெட்' செய்யுங்கள் என்றார் மூன்றாமவர். பெரியவரின் குறிப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டு அதையும் செய்து பார்த்தோம். பயனில்லை.

இந்தப் 'பேக்டரி ரீசெட்' என்ற பெயரைச் சற்று ஆராயவேண்டும். ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கருவி திரும்பிவிடும் என்றே அதைக் கேட்பவர் எண்ணுவார். உண்மையில் பெரும்பாலான கருவிகளில் அழிவது நம்முடைய கோப்புகளும் நாம் நிறுவிய செயலிகளுமே. இற்றைப்படுத்தலில் வந்த புதிய இயங்குதளம் அப்படியே இருக்கும். கோளாறு இயங்குதளத்திலேயே இருக்குமானால், நோய் இருக்க நோயாளியின் உடைமைகளை மட்டும் கொளுத்தியதாக முடியும்.

பின்னர் காவிரிப் பாலம் கடந்து, திருச்சி நகரத்துச் சர்வீஸ் சென்டருக்குச் சென்றோம். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் பணிவாகவே பேசினார்.

"சார், அப்டேட் அனுப்புறது கம்பெனி. நாங்க இங்க ஹார்டுவேர் மட்டும்தான் பாக்குறோம். போர்டு மாத்தினா சரியாகலாம். வாரன்டி முடிஞ்சுட்டதால காசு கட்டணும்."

"போன வாரம் வரைக்கும் போர்டு நல்லாத்தானே இருந்தது, தம்பி? கம்பெனி அனுப்பினதாலதானே கெட்டது?"

"அத நீங்க கஸ்டமர் கேர்லதான் கேக்கணும் சார்."

கஸ்டமர் கேர் இங்கே அனுப்பியது. இங்கிருந்து மீண்டும் கஸ்டமர் கேர். பலகை மாற்றக் கேட்ட தொகை புதுக் கருவியின் விலையில் பாதிக்கு மேல். அவ்விளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். திரும்பும் வழியில் சிங்காரத்தோப்பில் பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டினோம். கடைக்காரர் கருவியைப் பார்த்த மாத்திரத்தில், பழைய வெர்ஷனை ஏற்றினால் சரியாகிவிடும், ஆனால் இந்த மாடலில் பூட்லோடர் விடாது என்று சொல்லிவிட்டார். நோய் இன்னது என்று தெரிகிறது, மருந்தும் தெரிகிறது, மருந்து கொடுக்கத்தான் உரிமையில்லை.

இது ஒரு தெருவின் கதையாக மட்டும் இருந்தால் எழுதவேண்டிய தேவை இராது. 2012-இல் வெளிவந்த நெக்சஸ் 7 கைக்கணினி, 2014 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 5.0 இற்றைப்படுத்தலுக்குப் பின் பயன்படுத்த முடியாத அளவு மந்தமாகிவிட்டதாக உலகெங்கும் புகார்கள் எழுந்தன. 2016 மே மாதத்தில் ஐஓஎஸ் 9.3.2 வந்தபோது, 9.7 அங்குல ஐபேட் ப்ரோ கருவிகள் சில 'பிழை 56' என்று காட்டிவிட்டு உயிரற்றுப்போயின. ஆப்பிள் நிறுவனம் அக்கருவிக்கான இற்றைப்படுத்தலைத் திரும்பப் பெற்று, சில வாரங்களில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் அதே போன்ற நிகழ்ச்சி மீண்டும் நடந்தது. எம்4 சில்லு கொண்ட புதிய ஐபேட் ப்ரோக்கள் சில ஐபேட்ஓஎஸ் 18 ஏறியதும் முடங்கின. இற்றைப்படுத்தல் நிறுத்தப்பட்டு, அக்டோபரில் 18.0.1 வந்தது. மிக அண்மையில் வாங்கிய, மிக விலையுயர்ந்த கருவிக்கே இந்நிலை என்றால், மூன்றாண்டுப் பழைய எளிய கருவியின் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

கைப்பேசிகளில் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. மின்கலம் பழசான ஐபோன்களின் வேகத்தை 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஓர் இற்றைப்படுத்தலின் வழியே குறைத்திருந்ததை, அவ்வாண்டு டிசம்பரில்தான் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கி, போதிய தெளிவுடன் சொல்லாமைக்கு மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், கேலக்ஸி நோட் 4 தொடர்பாகச் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. அவ்வாணையம் எடுத்துக்காட்டிய குறைகளுள் ஒன்றை நாம் அடிக்கோடிட்டுக்கொள்ளவேண்டும்: கருவியைப் பழைய செயல்திறனுக்கு மீட்கும் வழி எதையும் பயனருக்குத் தரவில்லை என்பது அது.

அவ்வழி ஏன் இல்லை? ஐபேட், ஐபோன் கருவிகளில் இயங்குதளத்தை ஏற்றும்போது அது நிறுவனத்தின் வழங்கியிடம் மின்னொப்பம் பெறவேண்டும். புதிய பதிப்பு வந்த சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய பதிப்புக்கு ஒப்பமிடுவதை நிறுவனம் நிறுத்திவிடுகிறது. அதன்பின் பழையதை எங்கிருந்து கொண்டுவந்தாலும் கருவி ஏற்காது. ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில், இன்ன எண்ணுக்குக் கீழான பதிப்பை ஏற்காதே என்ற குறிப்பு கருவிக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. சிங்காரத்தோப்புக் கடைக்காரர் சொன்ன தடை இத்தகையதே.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய பதிப்பில் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்காகவும் புதிய பதிப்பு வருகிறது. திரும்பும் வழி எல்லோருக்கும் திறந்திருந்தால், திருடனும் பழைய பதிப்பை ஏற்றி, பழைய ஓட்டையின் வழியே உள்ளே புகலாம். வங்கிக் கணக்கும் பணப் பரிமாற்றமும் இக்கருவிகளிலேயே நடக்கும் காலத்தில் இவ்வச்சம் நியாயமானது. ஆனால் பூட்டைச் சரிசெய்ய வந்தவர் வீட்டின் சுவர்களையும் இடம் மாற்றிக் கட்டவேண்டும் என்பதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தனியே அனுப்புவது நடைமுறையில் உள்ளதே. ஆண்ட்ராய்டுக்கு அத்தகைய திருத்தங்கள் வெளியாகின்றன. பழைய இயங்குதளத்துக்கே அத்திருத்தங்களைச் சேர்த்து, நிறுவனமே ஒப்பமிட்டு, வேண்டுவோர்க்குக் கொடுக்கலாம். செலவாகும் என்பது உண்மை. அச்செலவை இப்போது சுமப்பவர் யார் என்பதுதான் கேள்வி. பலகை மாற்றப் பாதி விலை கேட்கப்பட்ட பெரியவர் சுமக்கிறார்.

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றத்தை நம் இலக்கணமே ஏற்றுக்கொண்டது. பழையது போவதும் புதியது வருவதும் காலத்தின் இயல்பு, அது வழுவாகாது என்று நன்னூலார் அமைதி கூறிச் சென்றார். ஆனால் அவர் கருதிய மாற்றம் பேசுவோர் நாவிலும் எழுதுவோர் கையிலும் படிப்படியாக நிகழ்வது. பழைய சொல்லைப் புழங்க விரும்புபவரின் நாவை எவரும் கட்டிவைப்பதில்லை. பதிப்புத் துறையிலும் இதே ஒழுக்கம் உண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான உ.வே.சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியில் தொடங்கி, பல ஏடுகளை ஒப்புநோக்கி நூல்களை அச்சிட்டார். ஒரு பாடத்தைக் கொண்டபோதும் பிறவற்றைப் பிரதிபேதமாகக் குறித்து வைக்கும் முறையைத் தமிழுக்கு நிலைபெறச் செய்தார். தாம் கொண்டது பொருந்தாது என்று பின்னால் ஒருவருக்குத் தோன்றினால், அவர் திரும்பிச் செல்ல வழி வேண்டும் என்ற கருத்து அதில் இருக்கிறது.

கோயில் திருப்பணியிலும் அம்முறையே. சந்நிதியில் கை வைக்குமுன் பாலாலயம் செய்கிறோம். தெய்வ சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, வழிபாடு தடைப்படாமல் பார்த்துக்கொண்டு, பணி முற்றிய பின்னரே மூலத்தானத்துக்குத் திரும்புகிறோம். திருவரங்கம் பெரிய கோயிலில் 2015-ஆம் ஆண்டு இரு கட்டங்களாகச் சம்புரோட்சணம் நடந்தேறியது. பழமை கெடாமல் புதுக்கியதற்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அக்கோயிலுக்குக் கிடைத்தது. புதுப்பித்தல் என்பது இருந்ததை இழப்பதாக முடியவேண்டியதில்லை என்பதற்கு இவ்வூரார் வேறு சான்று தேடவேண்டாம்.

கணினியாளர்களுக்கும் இது தெரியாததன்று. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள் வைக்கும் முறை கொண்டுவரப்பட்டது. ஓர் அறையிலிருந்து கருவி இயங்கிக்கொண்டிருக்க, மற்றோர் அறையில் புதிய பதிப்பு ஏறும். புதியது எழ மறுத்தால் கருவி பழைய அறைக்கே திரும்பிவிடும். இதைப் பாலாலயம் என்றே சொல்லலாம். குறை என்னவென்றால், கருவி அறவே எழாதபோதுதான் இவ்வழி திறக்கிறது. எழுந்து, தள்ளாடி, பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை விழுந்தால், 'வெற்றிகரமாக இற்றைப்படுத்தப்பட்டது' என்றே கணக்கு. திரும்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பயனருக்கு இல்லை. நுட்பம் கைவசம் இருக்கிறது. அதைப் பயனர் கையில் கொடுக்கும் மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை ஆகியவற்றுக்கு அதன்படி முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையிடம் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம் என்பது இச்சட்டம் தந்த பெரிய வசதி. ஸ்ரீரங்கத்தவர் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே நாடலாம். பெங்களூருக்கோ குருகிராமுக்கோ அலையவேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே வாதிடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

எனினும் 'இற்றைப்படுத்தலால் கெட்ட கருவி' என்று பெயர் சுட்டிப் பேசும் பிரிவு எதுவும் அச்சட்டத்தில் இல்லை. 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 பதிப்புகளுக்குப் பின் ஐபோன்களின் செயல்பாடு கெட்டதாக வந்த புகார்களின் பேரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. கைப்பேசிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு வழங்குவது பற்றி மத்திய அரசு அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. அதன் அளவுகோல்களுள் மென்பொருள் இற்றைப்படுத்தலும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதள இற்றைப்படுத்தல் தரவேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் கைக்கணினிகளுக்கும் பொருந்துகிறது. எத்தனை ஆண்டு தருவது என்பதை அது வரையறுக்கிறது. தந்தது கெடுத்தால் என்ன செய்வது என்பதையும் வரையறுத்தாலொழிய நம் பெரியவருக்குப் பயனில்லை.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. நிறுவனத்தின் இற்றைப்படுத்தலால் கருவி கெட்டால், வாரன்டிக் காலம் முடிந்திருப்பினும் அதைச் செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும். முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழியைக் குறைந்தது ஓராண்டுக்காவது பயனருக்குத் திறந்து வைக்கவேண்டும். தானே ஏறிக்கொள்ளும் ஏற்பாட்டை, வாங்குபவர் விரும்பினாலன்றி, பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அப்பால் நீட்டக்கூடாது. இவற்றுள் எதுவும் நடக்கமுடியாத கோரிக்கையன்று.

தனியொருவர் குரல் உதவி எண்ணில் கரைந்துவிடும். மொத்தமாக வாங்குவோர் குரல் அவ்வாறு கரையாது. தூய வளனார் கல்லூரி, தேசியக் கல்லூரி, பிஷப் ஹீபர், ஜமால் முகமது எனக் கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. நூலகத்துக்கோ துறைக்கோ கைக்கணினிகள் வாங்கும்போது இம்மூன்றையும் கொள்முதல் ஆணையில் நிபந்தனையாக எழுதலாம். வீட்டுக்கு வாங்குபவர், எத்தனை ஆண்டு இற்றைப்படுத்தல் உண்டு என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்கலாம். கெட்டபின், தொலைபேசியில் பேசியதோடு நில்லாமல் மின்னஞ்சலிலும் எழுதி, சர்வீஸ் சென்டரின் வேலைச்சீட்டில் 'இற்றைப்படுத்தலுக்குப் பின் ஏற்பட்ட கோளாறு' என்று குறிக்கச் செய்து, விலைச்சீட்டோடு பாதுகாத்து வைத்தால், ஆணையத்தின்முன் அவையே சாட்சி சொல்லும். எழுதி வைத்தவற்றின் வலிமையை, ஏடுகளால் வாழும் தமிழ் படித்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மாவட்டந்தோறும் இத்தகைய மனுக்கள் சேருமானால், பெயர் சுட்டும் பிரிவொன்று சட்டத்தில் வந்தே தீரும்.